நூறு கோடியே ஒன்று

அறுவடை முடிந்த களத்துமேட்டில் இரண்டு நெற்குவியல்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நூறு கோடி நெல்மணிகள். ஆயிரம் நெல்மணிகள் ஏறத்தாழ 20 கிராம் எடை இருக்கும். அந்தக் கணக்கில் குவியல் ஒன்றுக்கு 20 டன். இப்பொழுது வலப்பக்கக் குவியலில் மட்டும் ஒரே ஒரு நெல்லைக் கூடுதலாகப் போட்டுவிட்டு, ஊரில் மூத்த குடியானவர் ஒருவரை அழைத்து, எந்தக் குவியல் பெரியது என்று கேளுங்கள். அவர் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

விந்தையான விதி ஒன்றையும் இதனுடன் சேர்த்துக்கொள்வோம். இடப்பக்கத்து நெல் ஒன்றும் வலப்பக்கத்து நெல் ஒன்றும் தொட்டுக்கொண்டால் இரண்டும் மறைந்து ஒளியாக மாறிவிடும். இரு குவியல்களையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறுகிறோம். கண்ணைப் பறிக்கும் ஒளி எழுகிறது, பிறகு வெறுங்களம். அந்த வெறுங்களத்தின் நடுவே ஒற்றை நெல் ஒன்று கிடக்கிறது.

சூரியனும் பூமியும், இமயமலையும், உங்கள் கையிலுள்ள இந்தத் தாளும், இதைப் படிக்கும் நீங்களும் எல்லாம் சேர்ந்து அந்த ஒற்றை நெல்தான். 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், அண்டம் தோன்றிய முதல் சில நொடிகளுக்குள் இத்தகைய கணக்குத் தீர்ப்பு ஒன்று நடந்தது என்று இயற்பியலார் கருதுகின்றனர். அந்த ஒரு நெல் எப்படிக் கூடுதலாக வந்தது? இதற்கு இன்றுவரை முழு விடை கிடைக்கவில்லை. எவ்வளவு தூரம் நெருங்கியிருக்கிறோம், எங்கே தடுக்கி நிற்கிறோம் என்பதை இங்கே பார்ப்போம்.

குழியும் மேடும்

பள்ளிக்கூடத்தில் இருபடிச் சமன்பாடு போட்டவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். தந்தையின் வயது என்ன என்று கேட்ட கணக்கில் 40 என்று ஒரு விடையும், கழித்தல் குறியுடன் இன்னொரு விடையும் வரும். கழித்தல் விடையை நாம் அடித்துவிடுவோம். 1928-ல் கேம்பிரிட்ஜில் இளம் இயற்பியலாரான பால் டிராக் எலெக்ட்ரானுக்காக ஒரு சமன்பாட்டை எழுதினார். அதிலும் இப்படி வேண்டாத விடை ஒன்று வந்து நின்றது. டிராக் அதை அடிக்கவில்லை. சமன்பாடு அழகாக இருக்கிறது, ஆகவே இந்த விடைக்கும் பொருள் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

அவர் கண்ட பொருளை நம் ஊர்க் கிணற்றைக் கொண்டு விளக்கலாம். சமதரையில் கிணறு வெட்டினால் பக்கத்திலேயே மண்மேடு ஒன்று எழும். மேடு எவ்வளவோ அவ்வளவே குழி. ஒன்றில்லாமல் மற்றொன்று வராது. மேட்டை வெட்டிக் குழியில் தள்ளிவிட்டால் இரண்டும் இராது, பழையபடி சமதரைதான். எலெக்ட்ரானை மேடு என்று கொண்டால் அதற்குரிய குழியும் ஒரு துகள் போலவே நடந்துகொள்ளும். அதன் எடை எலெக்ட்ரானின் எடையே, மின்னூட்டம் மட்டும் எதிராக, நேர்மின்னாக இருக்கும் என்றார் டிராக். முதலில் அந்தக் குழி புரோட்டானாக இருக்கலாமோ என்று அவரே தயங்கினார். புரோட்டான் 1836 மடங்கு கனமானது என்பதால் அது பொருந்தவில்லை. 1931-ல் துணிந்து, இதுவரை எவரும் காணாத புதிய துகள் இது என்று எழுதிவிட்டார்.

மறு ஆண்டே அது அகப்பட்டது. 1932 ஆகஸ்டு 2-ஆம் நாள், கலிபோர்னியாவில் பசடேனா நகரில், 26 வயதுடைய கார்ல் ஆண்டர்சன் வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை முகிற்கூடத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நீராவி நிறைந்த இந்தப் பெட்டியில் மின்னூட்டமுள்ள துகள் ஓடினால், ஆகாயவிமானம் விட்டுச் செல்லும் வெண்கோடு போல அதன் தடம் தெரியும். பெட்டியைச் சுற்றிலும் காந்தப்புலம் உண்டு. தடம் எப்பக்கம் வளைகிறது என்பதைக் கொண்டு மின்னூட்டம் நேரா எதிரா எனச் சொல்லலாம். ஆனால் துகள் மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்று தெரியாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். ஆண்டர்சன் நடுவே 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஈயத்தகடு ஒன்றை வைத்திருந்தார். ஈயத்தைத் துளைத்த துகள் வேகம் இழக்கும். வேகம் இழந்தால் அதிகமாக வளையும். எந்தப் பக்கம் வளைவு மிகுதியோ அந்தப் பக்கமாகத்தான் அது வெளியேறியிருக்க வேண்டும். எளிய உபாயம்தான். அந்த ஒரு தகடு நோபல் பரிசு வரை கொண்டு சென்றது. அன்றைய படத்தில் எலெக்ட்ரானின் எடையும் நேர்மின்னூட்டமும் உடைய துகள் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பாசிட்ரான் என்று பெயர் வந்தது.

பிறகு ஒவ்வொரு துகளுக்கும் எதிர்த்துகள் உண்டு என்பது உறுதியாயிற்று. 1955-ல் பெர்க்லியில் எதிர்ப்புரோட்டான், 1956-ல் எதிர்நியூட்ரான், 1995-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஒன்பதே ஒன்பது எதிர்ஹைட்ரஜன் அணுக்கள். இவற்றால் ஆன பொருளே எதிர்ப்பொருள்.

எதிர்ப்பொருள் ஏதோ எட்டாத வானுலகப் பண்டம் என்று எண்ண வேண்டாம். வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது. அதில் மிகச் சிறு பகுதி கதிரியக்கமுடையது. ஆகவே உங்கள் வீட்டு வாழைப்பழம் சில மணிக்கு ஒரு முறை ஒரு பாசிட்ரானை உமிழ்கிறது! உமிழ்ந்த கணமே அது அருகிலுள்ள எலெக்ட்ரானோடு சேர்ந்து மறைந்துபோகும். பெரிய மருத்துவமனைகளில் புற்றுநோயைத் தேடுவதற்குச் செய்யும் ‘பெட் ஸ்கேன்’ என்பதில் முதல் எழுத்து பாசிட்ரானையே குறிக்கிறது. நோயாளியின் உடலில் செலுத்தப்படும் மருந்து பாசிட்ரான்களை வெளிவிட, அவை எலெக்ட்ரான்களோடு அழியும்போது எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்கள் புறப்படுகின்றன. அவற்றைப் பிடித்துத்தான் படம் வரைகிறார்கள்.

திரைப்படங்களில் எதிர்ப்பொருள் குண்டைக் காட்டி நம்மைப் பயமுறுத்துவதுண்டு. ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் பொருளோடு அழிந்தால் 5 கோடி யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் வெளிப்படும் என்பது உண்மைதான். ஆனால் செர்ன் இதுவரை ஆக்கிய எதிர்ப்பொருள் எல்லாவற்றையும் திரட்டி அழித்தாலும் ஒரு மின்விளக்கைச் சில நிமிடங்கள் எரிக்கலாம், அவ்வளவே. குண்டைப் பற்றிய கவலை வேண்டாம்.

நமக்கு முக்கியமானது வேறு. ஆற்றலிலிருந்து பொருள் உண்டாகும்போதெல்லாம் துகளும் எதிர்த்துகளும் சோடியாகவே பிறக்கின்றன. மேடு வந்தால் குழியும் வரும். ஆய்வுக்கூடத்தில் நாம் கண்ட வரையில் இதற்கு விலக்கே இல்லை. அப்படியானால் தகிக்கும் ஆற்றலிலிருந்து பிறந்த இந்த அண்டத்தில் நம்மைச் சுற்றி மேடுகளாகவே இருக்கின்றனவே, குழிகள் எங்கே போயின?

மறுபாதி ஒளிந்திருக்கிறதா?

எவருக்கும் முதலில் தோன்றும் விடை இதுதான்: வேறெங்காவது இருக்கும். பாதி விண்மீன்கள் எதிர்ப்பொருளால் ஆனவையாக இருந்தால் என்ன? பார்த்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் ஒளித்துகளுக்கு எதிர்த்துகள் அதுவேதான். எதிர்விண்மீனின் ஒளியும் நம் விண்மீனின் ஒளி போலவே இருக்கும்.

நிலவு எதிர்ப்பொருள் அன்று. அப்படி இருந்திருந்தால் 1969-ல் ஆர்ம்ஸ்டிராங் கால் வைத்த கணத்தில் அவரும் நிலவின் ஒரு பகுதியும் ஒளியாகியிருப்பார்கள். சூரியனிலிருந்து வீசும் துகள்காற்று எல்லாக் கோள்களையும் தொட்டுச் செல்வதால், கோள்களும் நம் இனமே. அதற்கு அப்பால்? விண்மீன்களுக்கிடையிலும், விண்மீன் மண்டலங்களுக்கிடையிலும் வெற்றிடம் என்று நாம் சொல்லும் இடத்தில் மெல்லிய வாயு பரவியிருக்கிறது. பொருளின் நாடும் எதிர்ப்பொருளின் நாடும் சந்திக்கும் எல்லை எங்கேனும் இருந்தால் அங்கே வாயுவும் எதிர்வாயுவும் ஓயாமல் அழிந்து, காமாக் கதிர்கள் வேலி போலச் சுடர்விட வேண்டும். அத்தகைய வேலி எதுவும் வானில் காணப்படவில்லை. 1998-ல் கோஹன், டி ரூகூலா, கிளாஷோ ஆகிய மூவர் கணக்கிட்டு, நாம் காணக்கூடிய அண்டத்தின் அளவுக்குள் எதிர்ப்பொருளுக்கு என்று தனி நாடு இருக்க வாய்ப்பில்லை என்று காட்டினர். காஸ்மிக் கதிர்களில் பத்தாயிரம் புரோட்டான்களுக்கு ஓர் எதிர்ப்புரோட்டான் வருவது உண்மை. ஆனால் அவை வழியில் நேரும் மோதல்களில் பிறப்பவை. ஆதிகாலத்து எச்சங்கள் அல்ல.

எதிர்ப்பொருளுக்குப் புவியீர்ப்பும் எதிராக வேலை செய்து, அதை நம்மிடமிருந்து தள்ளி வைத்திருக்குமோ என்று கேட்டவர்களும் உண்டு. நல்ல கேள்விதான். 2023-ல் செர்ன் விஞ்ஞானிகள் எதிர்ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தக் கூண்டில் அடைத்து, மெல்லத் திறந்துவிட்டுப் பார்த்தனர். அவையும் நம் கல்லையும் மண்ணையும் போலக் கீழ்நோக்கியே விழுந்தன. அந்தக் கதவும் அடைபட்டது.

ஆக, மறுபாதி ஒளிந்திருக்கவில்லை. அழிந்துவிட்டது. அழிந்ததன் சாம்பல்கூட நம்மிடம் இருக்கிறது. 1965-ல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் வானெங்குமிருந்து ஒரே சீராக வரும் நுண்ணலைகளைக் கண்டறிந்தனர். அண்டத்தின் இளமைக்கால ஒளி, விரிவடைந்து குளிர்ந்து, தனிச்சுழிக்கு மேல் 2.7 டிகிரி என்ற நிலையில் இன்றும் எங்கும் நிறைந்திருக்கிறது. மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டிய பழைய தொலைக்காட்சிப் பெட்டியில், நிலையம் இல்லாத அலைவரிசையில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் தெரியுமே, அதில் ஒரு சிறு பங்கு இந்த ஒளியே. ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில் இத்தகைய ஒளித்துகள்கள் 411 உள்ளன. பொருளோ, அண்டம் முழுவதும் சீராகப் பரப்பிப் பார்த்தால், நான்கு கன மீட்டருக்கு ஒரு புரோட்டான்தான் தேறும். வகுத்துப் பாருங்கள்: ஒரு புரோட்டானுக்குச் சுமார் 160 கோடி ஒளித்துகள்கள். அழிந்தவை எத்தனை, எஞ்சியது எத்தனை என்பதன் பதிவு இது. நூறு கோடியும் நூறு கோடியே ஒன்றும் என்று நாம் முதலில் சொன்ன கணக்கு இங்கிருந்து வந்ததே.

தொடக்கத்திலேயே அந்த ஒன்று கூடுதலாக இருந்திருக்கலாமே, அத்துடன் விட்டுவிடலாமே என்பீர்கள். அண்டம் தன் முதற்கணத்தில் திடீரென்று மிகப் பெரிதாக உப்பியது என்ற கொள்கை இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்டுள்ளது. அப்படி உப்பும்போது முன்பு இருந்த எந்தக் கூடுதலும் கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடும். எனவே கூடுதல் பிறகுதான் உண்டாகியிருக்க வேண்டும். உண்டாக்கியது எது?

சங்கும் கண்ணாடியும்

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர் சோவியத் நாட்டின் ஆந்திரே சகாரோவ். ஹைட்ரஜன் குண்டு ஆக்குவதில் முன்னின்று, பின்னர் மனித உரிமைக்குக் குரல் கொடுத்து 1975-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற அதே மனிதர். 1967-ல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்றில், சமமாகத் தொடங்கிய அண்டத்தில் பொருள் மிஞ்ச வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்றார். புரோட்டான், நியூட்ரான் இனத்தின் மொத்த எண்ணிக்கை மாறக்கூடியதாக இருக்க வேண்டும்; இயற்கை பொருளையும் எதிர்ப்பொருளையும் சற்றே ஓரவஞ்சனையோடு நடத்த வேண்டும்; இவை நடக்கும் நேரத்தில் அண்டம் சமநிலை குலைந்திருக்க வேண்டும். அக்கட்டுரையை அப்போது கவனித்தவர் வெகு சிலரே.

ஓரவஞ்சனையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் அதன் கதைதான் சுவையானது.

சங்கு பார்த்திருப்பீர்கள். கடலில் கிடைப்பவை அனைத்தும் ஏறக்குறைய இடம்புரியே. வலம்புரிச் சங்கு ஆயிரக்கணக்கில் ஒன்று கிடைத்தாலே அதிருஷ்டம். இடம்புரிச் சங்கைக் கண்ணாடியில் காட்டினால் வலம்புரியாகத் தெரியும். கண்ணாடிக்குள் தெரியும் கடல், நம் கடலைப் போன்றதன்று. ஆனால் இது உயிர்களின் வரலாற்றில் நேர்ந்த தற்செயல். இயற்கையின் அடிப்படை விதிகள் இடம் வலம் பார்ப்பதில்லை என்றே 1956 வரை எல்லாரும் நம்பினர். அவ்வாண்டு லீ, யாங் என்ற இரு சீன இயற்பியலார் அமெரிக்காவில் இருந்துகொண்டு, கதிரியக்கச் சிதைவில் இதை எவரும் சோதித்துப் பார்க்கவே இல்லையே என்று சுட்டிக்காட்டினர். சோதித்துப் பார்த்தவர் வூ சியன்-சியுங் என்ற பெண்மணி. அவரும் கணவரும் இருபது ஆண்டுகளுக்குப் பின் கிழக்கு நாடுகளுக்குச் செல்லக் கப்பலில் இடம் பதிவு செய்திருந்தனர். வூ பயணத்தைக் கைவிட்டார். கணவர் மட்டும் கப்பலேறினார். கோபால்ட் 60 அணுக்கருக்களைத் தனிச்சுழி வெப்பத்தின் விளிம்பு வரை குளிர்வித்து, காந்தத்தால் ஒரே முகமாகச் சுழல வைத்து, எலெக்ட்ரான்கள் எப்பக்கம் வெளிவருகின்றன என்று பார்த்தார். ஒரு பக்கமாகவே மிகுதியாக வந்தன. இயற்கைக்கு இடம் வலம் தெரியும்! லீக்கும் யாங்குக்கும் 1957-லேயே நோபல் பரிசு கிடைத்தது. வூவுக்குக் கிடைக்கவில்லை. இது பரிசுக் குழுவின் புகழுக்கு அணி சேர்க்காத செயல் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சமச்சீர் போயிற்றே என்று வருந்தியவர்கள் ஓர் ஆறுதல் கண்டனர். கண்ணாடியில் பார்ப்பதோடு, பொருளை எதிர்ப்பொருளாகவும் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. நியூட்ரினோ எப்போதும் இடம்புரி. எதிர்நியூட்ரினோ எப்போதும் வலம்புரி. இரண்டு மாற்றத்தையும் சேர்த்துச் செய்தால் கணக்கு நேராகிறது. ஏழாண்டுகள்தான் இந்த ஆறுதல் நீடித்தது.

1964-ல் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் குரோனின், ஃபிட்ச் ஆகியோரும் அவர்களுடைய துணைவர்கள் இருவரும் கேயான் என்ற துகளின் சிதைவை ஆராய்ந்தனர். நெடுநாள் வாழும் நடுநிலைக் கேயான், அந்த இரட்டைச் சமச்சீர் உண்மையானால், இரண்டு பையான்களாக ஒருபோதும் உடையக்கூடாது. 22,700 சிதைவுகளில் 45 முறை அப்படி உடைந்தது. ஐந்நூறில் ஒன்று! இந்தச் சிறு பிழைக்காக 1980-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் பொருள் எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள். தொலைவிலுள்ள விண்மீன் ஒன்றில் வாழும் மனிதரோடு நாம் வானொலியில் பேசுகிறோம். நேரில் வரச்சொல்வதற்கு முன், அவர் பொருளா எதிர்ப்பொருளா என்று தெரிய வேண்டும். இல்லையேல் கைகுலுக்கும்போது இருவரும் ஒளியாகிவிடுவோம். ‘உங்கள் அணுக்கருவைச் சுற்றுவது எலெக்ட்ரானா?’ என்று கேட்டுப் பயனில்லை. அவர் ஊரில் எதற்கு அந்தப் பெயரோ! கேயானைச் சிதைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அது சிதையும் வேறொரு வகையில், எலெக்ட்ரான் ஆயிரம் முறை வந்தால் பாசிட்ரான் ஏறத்தாழ ஆயிரத்து ஏழு முறை வருகிறது. ‘உங்கள் அணுவில் சுற்றுவது அதிகமாக வரும் துகளா, குறைவாக வரும் துகளா?’ அவர் குறைவாக வருவது என்றால் வாருங்கள் என்று வரவேற்கலாம். அதிகமாக வருவது என்றால், வானொலியோடு நட்பை நிறுத்திக்கொள்வதே இருவருக்கும் நல்லது.

பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் வேறுபாடு வெறும் பெயரளவில் இல்லை, இயற்கையே பிரித்தறிகிறது. 1973-ல் ஜப்பானியர்களான கோபயாஷியும் மஸ்கவாவும் இதற்கு விளக்கம் தந்தனர். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகள் ஆறு வகையாக இருந்தால் இந்த ஓரவஞ்சனை தானே வந்துவிடும் என்றனர். அப்போது மூன்று வகைகளே அறியப்பட்டிருந்தன! ஆறாவது குவார்க் 1995-ல் கிடைத்தது. 2008-ல் அவர்களுக்கு நோபல் பரிசு.

கோலார் சுரங்கத்தில்

அடுத்த நிபந்தனை, எண்ணிக்கை மாற வேண்டும் என்பது. எண்ணிக்கை மாறி பொருள் உண்டாகலாம் என்றால், மாறி அழியவும் கூடும். அதாவது, புரோட்டானுக்கும் மரணம் உண்டு. 1970-களில் எழுந்த ஒருங்கிணைப்புக் கொள்கைகளில் எளியது ஒன்று, புரோட்டானின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 1-ஐ அடுத்து 31 சுழிகள் இட்ட அத்தனை ஆண்டுகள் என்றது. அண்டத்தின் வயதே 1-ஐ அடுத்துப் பத்துச் சுழிகள் போட்டால் அடங்கிவிடும். இவ்வளவு ஆயுளை எப்படி அளப்பது? ஆயுள் காப்பீட்டுக்காரரைக் கேளுங்கள். தனி ஒருவர் என்று இறப்பார் என்று அவருக்குத் தெரியாது; ஆனால் இலட்சம் பேரைச் சேர்த்தால் இவ்வாண்டு எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார். அதுபோல 140 டன் இரும்பைக் குவித்தால் அதில் புரோட்டானும் நியூட்ரானுமாக 1-ஐ அடுத்து 31 சுழிகள் போட்ட எண்ணைப்போல் எட்டு மடங்கு துகள்கள் இருக்கும். கொள்கை சரியானால் ஆண்டுக்குச் சில சாக வேண்டும்.

அந்த 140 டன் கருவி அமைந்த இடம் கோலார் தங்கவயல். பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, 1980-ன் இறுதியில், தரைக்குக் கீழே 2300 மீட்டர் ஆழத்தில் அதை இயக்கினர். காஸ்மிக் கதிர்களின் தொல்லை எட்டாத ஆழம் வேண்டும் என்பதே காரணம். இதே சுரங்கத்தில்தான் 1965-ல் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயமும் கிடைத்தது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காகச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கத்துக்காகக் குடைந்த குழி, அண்டத்தின் கணக்கைத் தணிக்கை செய்யும் அறையாக மாறிற்று.

சில தடங்கள் புரோட்டானின் சாவு போலவே தோன்றின. கோலார் குழுவினர் அவற்றை அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் நியூட்ரினோ ஒன்று இரும்பில் மோதினாலும் ஏறத்தாழ அதே தோற்றம் தரக்கூடும். அமெரிக்காவில் ஓஹையோ உப்புச்சுரங்கத்திலும், ஜப்பானில் கமியோகாச் சுரங்கத்திலும் ஆயிரக்கணக்கான டன் நீரை நிரப்பிக் காத்திருந்தவர்களுக்கு ஒரு சாவும் தென்படவில்லை. கோலாரின் அறிவிப்பு நிலைபெறவில்லை. தங்கச்சுரங்கமும் 2001-ல் மூடப்பட்டது. இதைத் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேள்வியை முதலில் கேட்கத் துணிந்தவர்கள் அவர்கள். இன்று 50,000 டன் நீருடைய சூப்பர் கமியோகாண்டே தரும் முடிவுப்படி, புரோட்டான் பாசிட்ரானாகவும் பையானாகவும் சிதையும் ஆயுள் 34 சுழிகளையும் தாண்டிவிட்டது. எளிய கொள்கை வீழ்ந்தது. சிக்கலானவை இன்னும் தாக்குப்பிடிக்கின்றன.

புரோட்டான் சாகாவிட்டாலும் சகாரோவின் நிபந்தனை நிறைவேற மற்றொரு வழி உண்டு. அண்டம் கோடிக்கோடி டிகிரி வெப்பத்தில் கொதித்த காலத்தில், நாம் அறிந்த விதிகளின்படியே அந்த எண்ணிக்கை மாறக்கூடும் என்று 1985-ல் மூன்று ரஷியர்கள் காட்டினர்.

கொதித்ததா, பாகானதா?

மூன்றாவது நிபந்தனைக்குக் கோயில் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் சமமாக இருந்தால் உள்ளே உள்ள கூட்டம் கூடாது, குறையாது. உண்டாகும் வேகமும் அழியும் வேகமும் சமமாக இருக்கும் வரை கூடுதல் எதுவும் தங்காது. திடீரென்று கதவைச் சாத்தினால்தான் உள்ளே இருப்பவர் உள்ளேயே நிற்பர்.

அண்டம் குளிர்ந்தபோது ஹிக்ஸ் புலம் விழித்தெழுந்து துகள்களுக்கு நிறை கொடுத்த கட்டம் அத்தகைய கதவாக இருக்கலாம் என்று எதிர்பார்த்தனர். தண்ணீர் கொதிக்கும்போது குமிழிகள் வெடித்தெழுவது போல அந்த மாற்றம் நடந்திருந்தால் போதும். 2012-ல் செர்னில் ஹிக்ஸ் துகள் கிடைத்தது. அதன் நிறை புரோட்டானைப் போல் 133 மடங்கு. இவ்வளவு கனமாக இருந்தால் குமிழிகள் வரமாட்டா என்கிறது கணக்கு. வெல்லப்பாகு மெல்ல மெல்ல இறுகுகிறதே, எந்தக் கணத்தில் பாகாயிற்று என்று சொல்ல முடியாதே, அப்படித்தான் நடந்திருக்கும். கதவு அடைபடவில்லை, தானாகத் தேய்ந்து மூடிற்று.

இரண்டாவது இடி இதைவிடப் பெரியது. கோபயாஷி, மஸ்கவா கண்ட ஓரவஞ்சனை ஆய்வுக்கூடச் சோதனை ஒவ்வொன்றிலும் வென்றிருக்கிறது. 2001-ல் ஸ்டான்ஃபோர்டிலும் ஜப்பானிலும் வேறு வகைத் துகள்களில் அது உறுதியாயிற்று. 2025-ல் செர்னில், புரோட்டானின் உறவினமான மூன்று குவார்க் துகள் ஒன்றிலேயே அது முதன்முதலாகத் தெரிந்தது; துகளும் எதிர்த்துகளும் சிதைவதில் ஏறத்தாழ நூற்றுக்கு 2.5 வேறுபாடு. ஆனால் அதைக்கொண்டு அண்டத்தில் எவ்வளவு பொருள் மிஞ்சும் என்று கணக்கிட்டால், நாம் காண்பதில் கோடியில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. நம் சமன்பாடுகளை மட்டும் நம்பி ஓர் அண்டத்தைச் செய்தால் அதில் ஒளி இருக்கும், விண்மீன் இராது. நம் விதிகளில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.

நியூட்ரினோ பக்கம்

விடுபட்டது நியூட்ரினோக்களிடம் இருக்கலாம் என்று பலர் சந்தேகிக்கின்றனர். 1986-ல் ஃபுகுகிதா, யனகிதா என்ற ஜப்பானியர்கள் இப்படிச் சொன்னார்கள்: ஆதி அண்டத்தில் மிக மிகக் கனமான நியூட்ரினோ வகை ஒன்று இருந்து, அது சிதைந்தபோது எதிர்த்துகள் பக்கம் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்திருக்கலாம். அந்தச் சாய்வு பிறகு, நாம் சொன்ன கொதிப்புக் காலத்தில், புரோட்டான்களின் கூடுதலாக மாறியிருக்கலாம். அந்தக் கனமான துகளை ஆக்கிப் பார்க்க எந்த முடுக்கியாலும் ஆகாது. ஆனால் இன்றுள்ள இலேசான நியூட்ரினோக்கள், பயணத்தின்போது ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகின்றன. மாறும் பாங்கு நியூட்ரினோவுக்கும் எதிர்நியூட்ரினோவுக்கும் வேறாக இருந்தால், ஓரவஞ்சனை அந்தக் குடும்பத்திலும் உண்டு என்று தெரியும்.

ஜப்பானின் கிழக்குக் கரையில் உள்ள தோக்காயிலிருந்து 295 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கமியோகாவுக்குத் தரைக்குள்ளாகவே நியூட்ரினோக்களை அனுப்பிப் பார்க்கிறார்கள். பூமி அவற்றுக்கு ஒரு தடையே அன்று. 2020-ல் வெளியான முடிவில், எலெக்ட்ரான் வகையாக மாறி வந்த நியூட்ரினோக்கள் 90, எதிர்நியூட்ரினோக்கள் 15. இரண்டையும் ஒரே அளவில் அனுப்பவில்லை. எதிர்நியூட்ரினோக்கள் நீரில் மோதுவதும் குறைவு. ஆகவே எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. அவற்றையெல்லாம் கழித்தாலும் வேறுபாடு இருப்பதாகவே தோன்றுகிறது. உறுதி என்று சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை இன்னும் சேரவில்லை.

அதற்காகவே கமியோகா மலைக்கடியில் 2020-ல் தொடங்கி இன்னொரு தொட்டி கட்டிவருகிறார்கள். கொள்ளளவு 2,60,000 டன் நீர். சுவர் முழுவதும் மின்னலைவிட மங்கிய ஒளியையும் காணும் கண்ணாடிக் குமிழ்கள். தோக்காயிலிருந்து வரும் நியூட்ரினோக்களை ஒருபுறம் எண்ணிக்கொண்டே, அந்த நீரிலுள்ள புரோட்டான்களில் ஏதாவது ஒன்று சாகிறதா என்று மறுபுறம் அது பார்த்துக்கொண்டிருக்கும்.